திருக்கைக்கு அவள் மனேஜர் எழுதுவது

என் தங்கை பெற்ற ஜெசிந்தா, என் திருக்கைக் குஞ்சே,

இதை எழுதுவது மாமாதான். நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதிய கடிதம் அல்ல. ஒவ்வொரு எழுத்தும் என் கையால் வந்தது. நீ இருந்திருந்தால் "சும்மா பொய் சொல்லாதேங்கோ மாமா" என்று சிரித்திருப்பாய். எனக்கே இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. ஒரு வரியை எழுதிவிட்டுத் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்க்கிறேன். எழுத்து ஓடிப்போகாமல் அங்கேயே நிற்கிறது.

மன்னாரில் மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன வயதில் நான் அப்பாவோடு கடலுக்குப் போனேன் என்பது உனக்குத் தெரியும். ஜெர்மனிக்கு வந்தும் எழுத்துப் படிக்கவில்லை. படிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை, நீ இருந்தாய். எனக்கு வரும் கடிதங்களைப் போனில் படம் பிடித்து அனுப்புவேன். எல்லைக்கு அப்பால், டச்சு நாட்டில், ஆர்ன்ஹெமில் இருந்து நீ வாசித்துச் சொல்லுவாய். "மாமா, இது டாக்குத்தரிட்டப் போற டெர்மின், மறக்காதேங்கோ. மற்றது விளம்பரம், கிழிச்சு எறியுங்கோ."

நீ போன பிறகு கடிதங்கள் மேசையில் குவிந்தன. எது டெர்மின், எது விளம்பரம் என்று சொல்ல ஆள் இல்லை. அப்போதுதான் இங்கே கெல்சென்கிர்ச்சனில் பெரியவர்களுக்கு எழுத்துப் படிப்பிக்கும் மாலை வகுப்புக்குப் போனேன். ஜெர்மன் எழுத்துப் பிடிபட்டதும் பேராசை வந்துவிட்டது. தமிழ்ப் பாடசாலை ரீச்சரிடம் போய் "எனக்குத் தமிழையும் காட்டித் தாங்கோ" என்று கேட்டேன். இந்தக் கடிதத்தில் பிழை குறைவாக இருந்தால் அது அவருடைய புண்ணியம்.

எவ்வளவு சந்தோசம் தெரியுமா, பிள்ளை? 'ஞ' என்ற எழுத்து எனக்குச் சுருண்டு கிடக்கும் இறால் மாதிரி. 'இ' வலையில் சிக்கிய நண்டு. தெருவில் நடக்கும்போது வீட்டு மணிகளில் இருக்கிற பெயர்களை எல்லாம் வாசிக்கிறேன். ஒரு வீட்டுக்காரி சன்னலைத் திறந்து "யாரைத் தேடுகிறீர்கள்?" என்று கேட்டாள். "ஒருவரையும் இல்லை, வாசிக்கிறேன்" என்றேன். அவள் சன்னலைச் சாத்திவிட்டாள்.

உன் ஓராண்டு நினைவுப் பூசைக்கு உன் அம்மா ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறாள். உன் அப்பா காலமான பிறகு அவள் என் தெருவுக்கே குடிவந்தது உனக்குத் தெரியும். "அண்ணை, நீங்கள் ரெண்டு வரி சொல்லுங்கோ, ஆரையேன் கொண்டு எழுதுவிப்பம்" என்றாள்.

"ஆரும் வேண்டாம். நானே எழுதுறன்."

"எழுதுங்கோ. ஆனா அந்த டச்சுக் கூத்தைப் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது."

உன் ராப் பாட்டை அவள் எப்போதும் அப்படித்தான் சொல்லுவாள். வெறுந் தாளை முன்னால் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். அந்தக் கூத்தை எடுத்துவிட்டால் உன்னைப் பற்றி எழுத மாமாவிடம் என்ன மிச்சம்?

அது தொடங்கியதே உன் சாமத்திய வீட்டில், நீ பெரியபிள்ளையான கொண்டாட்டத்தில்தானே. பெரிய மண்டபம், பிளாஸ்ரிக் தாமரை, புகை கக்குகிற மெஷின். தாய்மாமன் என்று முதல் தண்ணீர் வார்த்தவன் நான். நீ பட்டுச்சேலைக்குள் புதைந்துபோய் இருந்தாய். அறிவிப்பாளர் உன்னை மயில் என்றும் முத்து என்றும் வர்ணித்துக்கொண்டே போனார். நீ எழும்பிப் போய் அவர் கையிலிருந்த மைக்கை மரியாதையாக வாங்கினாய். பிறகு டச்சில் தொடங்கினாய். வலையில் கட்டிய ஈயக்குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரில் விழுவது போல, ஒவ்வொரு சொல்லும் அளவான இடைவெளியில் விழுந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் என் கால் தானாகத் தாளம் போட்டது.

நீ முடித்ததும் அறிவிப்பாளர் என்ன சொன்னார், நினைவிருக்கிறதா? "செல்வி ஜெசிந்தா அவர்கள் டச்சு மொழியில் அழகாக நன்றியுரை ஆற்றியுள்ளார், பலத்த கரகோசம்!" சனம் கைதட்டியது. அறிவிப்பாளர் உட்பட மண்டபம் நிறைய ஜெர்மனியில் இருந்து போன எங்கள் ஆட்கள், ஒருவரும் டச்சு அறியாதவர்கள். உன் அம்மா மட்டும் கைதட்டவில்லை. டச்சுப் பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை செய்து அந்த மொழி அவளுக்கு வந்திருந்தது.

அடுத்த நாள் என் வான் வண்டியில் வைத்து நான் கேட்டேன். "என்ன பிள்ளை, நேற்று உண்மையில என்ன சொன்னனி?"

"என்ர உடம்பில நடந்ததுக்கு ஊருக்கெல்லாம் சோறு போடுறியள். ஆனா எனக்கு மட்டும் இனி வெளியில போகக்கூடாது, பெடியளோட கதைக்கக்கூடாது. ஆரேன் என்னட்டக் கேட்டனியளோ எண்டு சொன்னன்."

"இவ்வளவுக்கும் எல்லாரும் கைதட்டினவையே!"

"அதுதான் மாமா பகிடி."

அன்றைக்கு உனக்கு நான் திருக்கை என்று பெயர் வைத்தேன். திருக்கை மீன் கடல் மண்ணுக்குள் சும்மா கிடக்கும். ஒருவரையும் தேடிப் போய்க் குத்தாது. மிதித்தால்தான் வாலில் முள் இருப்பது தெரியும். அந்தப் பெயரையே நீ மேடைக்கு எடுத்துக்கொண்டாய். டச்சுக்காரர் அதைச் சொல்லப் பட்ட பாடு!

பிறகு இவெற் வந்தாள். சுரினாம் நாட்டில் இருந்து வந்தவர்களின் மகள், இசைத்தட்டுச் சுழற்றுகிறவள். அவள் தட்டைத் தேய்க்க நீ ராப் சொல்லுவாய். சனிக்கிழமைகளில் தமிழ்க் கடைக்கு மரக்கறி இறக்கிவிட்டு, அதே வானில் உங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். எழுத்தறியாதவனுக்கு லைசென்ஸ் எப்படி என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், வாயால் கேட்டு வாயால் பதில் வாங்கித்தான் தந்தார்கள். றோட்டுப் பலகைகளை நீ வாசிப்பாய், நான் திருப்புவேன். முன்சீற்றில் வெங்காயச் சருகு, பின்சீற்றில் இரண்டு பெட்டைகளின் சிரிப்பு. இப்போதும் வெங்காயம் உரித்தால் எனக்கு முதலில் அந்தச் சிரிப்புத்தான் வருகிறது, கண்ணீர் பிறகுதான்.

எனக்கு மனேஜர் வேலை கிடைத்த நாளை எப்படி மறப்பது? ஒரு மண்டபத்தில் இவெற் தனக்கு என்னென்ன வயர் வேண்டும் என்று நல்ல டச்சில் கேட்டாள். மண்டபக்காரன் அவள் பக்கம் திரும்பவேயில்லை. நேரே என்னிடம் வந்து கையை நீட்டி "மனேஜர்?" என்றான். கம்பளிச் சட்டையோடு, கையில் வெங்காயப் பெட்டியோடு நிற்கிறேன்.

நீ பின்னால் இருந்து கிசுகிசுத்தாய். "மாமா, தலையை மட்டும் ஆட்டுங்கோ."

"ஏனடி?"

"ஆட்டுங்கோ எண்டுறன். பேந்து சொல்லுறன்."

ஆட்டினேன். அவன் ஒலிபெருக்கி, மேடை, வயர் எல்லாவற்றையும் எனக்குக் கைகாட்டி விளக்கினான். மேசைக்குக் கீழே இவெற் குந்தியிருந்து வயர்களைப் பொருத்தினாள். சரியென்றால் அவள் பெருவிரலை உயர்த்துவாள், நான் தலையை ஆட்டுவேன். பிழையென்றால் என் காலணியில் தட்டுவாள், நான் யோசிப்பது போல மீசையைத் தடவுவேன். அவன் போனதும் கேட்டேன், "இது என்னடி விளையாட்டு?"

"நாங்கள் கேட்டா, 'நீங்கள் எந்தப் பெடியன்ர கேர்ள்பிரெண்ட்?' எண்டு கேக்கிறாங்கள். நீங்கள் மீசையைத் தடவினா வயர் தாறாங்கள். மீசைக்கு நன்றி மாமா."

அந்த மீசைக்காரனை நீ மேடையில் இருந்து "மாமா!" என்று கூப்பிட, டச்சுப் பெடியங்கள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் மொழியில் அது அம்மா. நீ ஒருநாளும் திருத்திச் சொல்லவில்லை. கள்ளி.

நான் அன்றைக்குச் சிரித்தேன். இப்போது வேறு விதமாகவும் யோசிக்கிறேன். வாசிக்கத் தெரியாது, மொழி தெரியாது, இசை தெரியாது. ஆண் என்ற ஒன்றைத் தவிர அந்த மண்டபத்தில் எனக்கு ஒரு தகுதியும் இல்லை. அது போதுமாக இருந்தது. எல்லாம் தெரிந்த உங்களில் ஒருத்தி மேசைக்குக் கீழே, மற்றவள் என் முதுகுக்குப் பின்னால்.

பெடியங்கள் வட்டமாக நின்று மாறி மாறி ராப் சொல்லும்போது, பெட்டை ஒருத்தி தொடங்கினால் பாதியில் மைக்கைப் பிடுங்குவார்கள். உன்னிடமும் பிடுங்கினார்கள். நீ சண்டை போடவில்லை. ஆர்ன்ஹெமில் ஒரு சின்ன அறையை எடுத்து, பெட்டைகளுக்கு மட்டும் என்று ஒரு மாலையைத் தொடங்கினாய். அங்கே ஒரே ஒரு சட்டம்: மைக்கைப் பிடித்தவள் தானாகக் கீழே வைக்கும்வரை ஒருவரும் பிடுங்கக்கூடாது.

மீன் றோல்ஸ் பொரித்துக்கொண்டு நானும் வருவேன். மொறொக்கோப் பிள்ளைகள், துருக்கிப் பிள்ளைகள், வெள்ளைப் பிள்ளைகள், எல்லாருக்கும் றோல்ஸ் ஒன்றுதான். ஒருநாள் ஃபதிமா என்ற மெலிந்த பிள்ளை மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். "மைக்கை மற்றப் பிள்ளையிட்டக் குடு" என்று சொல்ல வாய் எடுத்தேன். நீ என் காலை மிதித்தாய். றோல்ஸ் ஆறிப்போனது. பிறகு அந்தப் பிள்ளை வாய் திறந்தாள் பார், அறையே எழும்பிவிட்டது.

இனித்தான் போஸ்டர் கதை. பெரிய மண்டபம் ஒன்றில் நீங்கள் பாடப் போவதாக ஒரு போஸ்டரைச் சுருட்டிக்கொண்டு என் குசினிக்கு வந்தீர்கள். சாப்பாட்டு மேசையில் விரித்தாய். "என்ர பிள்ளையின்ர பேர் எங்க?" என்று கேட்டேன். நீ கொஞ்சம் பேசாமல் இருந்தாய். பிறகு அடியில் சிவப்பு நிறத்தில் இருந்த இரண்டு சொற்களில் விரலை வைத்து, "இஞ்ச இருக்கு மாமா, இதுதான் நாங்கள்" என்றாய். இவெற் அதை எட்டிப் பார்த்து, தேத்தண்ணியைத் தன் மடியிலேயே ஊற்றிக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தாள். தேத்தண்ணியில் இஞ்சி கூடிவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

அந்தப் போஸ்டரை என் நிலவறையில், மீன் பெட்டிக்கு மேலே ஒட்டிவைத்தேன். வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் கீழே கூட்டிக்கொண்டு போய், சிவப்பு எழுத்தைத் தொட்டுக் காட்டுவேன். "என்ர மருமகளின்ர பேர்." எல்லாரும் வாசிக்கத் தெரிந்தவர்கள். ஆனாலும் "ஓம் அண்ணை, வடிவாக் கிடக்கு" என்பார்கள். என்னைப் பார்த்து இரங்கினார்களா? அல்லது ராப் பாடுகிறவர்கள் இப்படித்தான் பெயர் வைப்பார்கள் என்று நினைத்தார்களா? இனி யாரிடம் போய்க் கேட்பது?

கொஞ்ச நாளுக்கு முன் இவெற் போன் எடுத்து, தன் அரைகுறை ஜெர்மனில் கதைத்தாள். என் பெயரே மாமா என்றுதான் அவள் இன்றுவரை நினைத்திருக்கிறாள். "மாமா, அந்தக் காலத்து ராப்பில் பெண்கள் செய்ததை எல்லாரும் கூடி ஒரு மாலை நினைக்கப் போகிறோம். தட்டுச் சுழற்றினது, சுவரில் எழுதினது, மண்டபம் பிடித்தது எல்லாம். அதன் வரலாற்றை எழுதினவர்கள் எங்களை மண்டபத்தில் கதவு திறந்துவிட்ட ஆட்கள் மாதிரி, பெயர் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அந்தப் போஸ்டர் வேறு ஒருவரிடமும் இல்லை. கொண்டு வருவாயா?"

நிலவறைக்கு இறங்கினேன். கழற்றுவதற்கு முன் வாசித்துப் பார்ப்போம் என்று ஒரு ஆசை. இப்போதுதான் வாசிக்க வருமே! மேலிருந்து தொடங்கினேன். பெரிய எழுத்தில் ஆண்களின் பெயர்கள். நடுத்தர எழுத்தில் இன்னும் ஆண்களின் பெயர்கள். தெருவின் பெயர், நேரம். கடைசியில் உன்னுடைய சிவப்பு எழுத்துக்கு வந்தேன். இனிப்பைக் கடைசிக்கு வைப்பது போல விரலை மெதுவாக நகர்த்தினேன். டா... மெஸ். டாமெஸ். ஜெர்மனில் டாமென். கழிவறைக் கதவில் இருக்கிற சொல், நான் முதன்முதலில் வாசிக்கப் பழகிய சொற்களில் ஒன்று. அடுத்தது கிராற்றிஸ். அது கடைகளில் எழுதியிருப்பது.

பெண்களுக்கு இலவசம்.

முதலில் சிரித்தேன், பிள்ளை. உண்மையாகவே சிரித்தேன். இத்தனை வருசமாக ஊரைக் கூட்டிக் காட்டியிருக்கிறேனே! பிறகு வெங்காயச் சாக்கின் மேல் குந்திவிட்டேன். நீ அன்றைக்கு விரலை வைப்பதற்கு முன் ஏன் பேசாமல் நின்றாய்? என்னோடு பகிடி விட்டாயா, அல்லது மாமாவின் மனம் நோகக்கூடாது என்று நினைத்தாயா? யோசிக்க யோசிக்க, நீ பொய்யும் சொல்லவில்லை என்றுதான் படுகிறது. அந்தத் தாளில் உங்களைப் பற்றி எழுதியிருந்த இடம் அது ஒன்றுதான்.

போஸ்டரைச் சுருட்டிக்கொண்டு உன் அம்மாவிடம் போனேன். அவள் மேசையில் நினைவு மலரின் முதல் பக்கத்தைப் பரப்பி வைத்திருந்தாள். நான் போஸ்டரை அதன் மேலேயே விரித்து, சிவப்பு எழுத்தின் கதையைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உன் பகிடிக்கு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "அவள் உங்களை நல்லா ஏமாத்திப்போட்டாள் அண்ணை" என்றாள்.

பிறகு என் புது வித்தையைக் காட்டலாம் என்று அவளுடைய பக்கத்தை எடுத்துச் சத்தமாக வாசித்தேன். மெதுவாகத்தான். "அந்தோனிப்பிள்ளை தம்பதிகளின் அன்பு மகளும்..." அங்கே நின்றுவிட்டேன்.

"பிலோமினா, உன்ர பேர் எங்க?"

"தம்பதிகள் எண்டா அதுக்குள்ள நானும்தானே அண்ணை."

"டாமெஸ் எண்டா அதுக்குள்ள ஜெசியும்தானே."

சொன்ன பிறகுதான் பயந்தேன். பெற்றவளிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? அவள் எழும்பிப் போய் அடுப்பை நிறுத்தினாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"அண்டைக்கு மண்டபத்தில அவள் சொன்னது எனக்கு ஒரு சொல்லும் விடாமல் விளங்கினது" என்றாள். "எனக்கும் சாமத்தியம் செய்தவை. நானும் அப்பிடித்தான் அறைக்குள்ள இருந்தனான். அதையேதான் நானும் நினைச்சுக்கொண்டு இருந்தனான். என்னட்ட மைக் இருக்கேல்லை."

இந்த முறை நீ காலை மிதிக்காமலே வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவள் திரும்பி வந்து பேனையை எடுத்து, தம்பதிகள் என்ற சொல்லை வெட்டினாள். அதற்கு மேலே 'பிலோமினா' என்று எழுதினாள்.

"நீங்கள் எழுதுங்கோ அண்ணை. கூத்தெண்டு எழுதாதேங்கோ. அவள் என்னெண்டு சொல்லுவாள்? ராப். ராப் எண்டு எழுதுங்கோ."

அதனால்தான் இந்தக் கடிதம் இந்த மலரில் இருக்கிறது. வாசிக்கிற சொந்தக்காரர் கோவிக்கலாம். கோவிக்கட்டும். அந்தச் சாமத்திய வீட்டு நன்றியுரைக்கு ஒருநாள் நீங்களும் கைதட்டினீர்கள் என்று சொல்லுகிறேன்.

போன சனிக்கிழமை அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஆர்ன்ஹெம் போனேன். வழி முழுக்கப் பலகைகளை நானே சத்தமாக வாசித்தேன். "றோட்டைப் பாருங்கோ அண்ணை, எழுத்தைப் பாராதேங்கோ" என்று அவள் கத்தினாள்.

மண்டபத்தில் இவெற் தலை நரைத்து, அதே சிரிப்போடு நின்றாள். போஸ்டரைச் சுவரில் ஒட்டிவிட்டு என் கையில் தடித்த கறுப்புப் பேனையைத் தந்தாள். சிவப்பு எழுத்துக்குப் பக்கத்தில், தமிழில், உன் பெயரை எழுதத் தொடங்கினேன். என் வேகம் உனக்குத் தெரியாது, பிள்ளை. ஒரு எழுத்து முடிந்து அடுத்தது வர நேரம் எடுக்கும். 'ரு' எனக்கு எப்போதும் கரைச்சல். பின்னால் அறை நிறையப் பெண்கள் நின்றார்கள். ஒருவரும் இருமவில்லை. ஒருவரும் என் கையில் இருந்து பேனையைப் பிடுங்கவில்லை. நானாகக் கீழே வைக்கும்வரை காத்திருந்தார்கள்.

ஃபதிமா அங்கே இருந்தாள். உன் மாலைகளை இப்போது நடத்துவது அவள்தான். "என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டாள். நான் சொல்ல முன்னம் உன் அம்மா சொன்னாள். மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, தன் டச்சில், இது என் மகளின் பெயர் என்று. பிறகு தமிழில் வாசித்தாள். "திருக்கை."

பிள்ளைகளின் அடுத்த நிகழ்ச்சிக்கு அடிக்கப் போகிற போஸ்டரை ஃபதிமா எனக்குக் காட்டினாள். அதை மேலிருந்து அடிவரை வாசித்தேன். அவள் வாயால் சொன்ன பிள்ளைகளில் இரண்டு பேரின் பெயர் விடுபட்டிருந்தது. அச்சடிக்கும் மண்டபக்காரரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்து, என் மீசையைப் பார்த்து, "மனேஜர்?" என்று கேட்டார். ஃபதிமாவைக் காட்டி, "மனேஜர் இவள். நான் வாசிக்கிறவன்" என்றேன். அவள் பேசினாள். பெயர்கள் ஏறின.

உனக்கு வாக்குத் தருகிறேன், பிள்ளை. என் கண்ணில் ஒளி இருக்கும்வரை அவர்களின் போஸ்டர் ஒவ்வொன்றையும் அடிவரை வாசிப்பேன், சிவப்பு எழுத்துக்கு நல்லாக் கிட்டப்போய். இனி மாமா தலையை மட்டும் ஆட்டமாட்டேன்.

உனக்கு முதல் தண்ணீர் வார்த்த தாய்மாமன்,
பிலோமினாவின் அண்ணன்,
சவிரிமுத்து